மேடையில் காணாமல் போன பிள்ளை

பட்டிமன்றத்தில் எந்த அணியில் பேசுவது என்பதைச் சொர்ணலட்சுமி டீச்சர் ஒருநாளும் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. வேனில் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் நடுவர் பிராங்கிளின் சட்டைப் பையிலிருந்து ஆறு துண்டுச் சீட்டுகளை எடுத்து உள்ளங்கையில் குலுக்குவார். யாருக்கு எது விழுகிறதோ அதுதான் அன்றைக்கு அவரவர் கொள்கை. போன மாதம் மாமியார் பக்கம் பேசித் தாடிக்கொம்பு ஊரையே அழ வைத்தவள், இந்த மாதம் மருமகள் பக்கம் பேசிப் பழனி ரோட்டு ஊர் எதையாவது அழ வைப்பாள். இதில் போய்ப் பாவம் புண்ணியம் பார்த்தால் பிழைப்பு நடக்குமா?

செம்பட்டித் திருவிழாவுக்குத் தலைப்பை இவர்கள் வைக்கவில்லை. பந்தல் செலவை ஏற்றுக்கொண்ட கட்சிக்காரர்கள் வைத்தார்கள். தேர்தலுக்கு இரண்டே மாதம். ‘வெளிமாநிலத்தார் வருகை தமிழகத்துக்கு வளமா, ஆபத்தா?’ சொர்ணலட்சுமிக்கு ‘ஆபத்து’ விழுந்தது. திண்டுக்கல்லில் தோல்பைக் கடை வைத்திருக்கும் நைனா முகமதுவுக்கு ‘வளம்’ விழுந்தது.

“நல்லவேளை தங்கச்சி, மாறி விழுகல. நான் எந்திரிச்சு ஆபத்துன்னு சொன்னா, மொத ஆபத்தே நீதானய்யான்னு எவனாச்சும் சொல்லிப்புடுவான்” என்றார் நைனா முகமது. வேனே சிரித்தது. சொர்ணலட்சுமியும் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி பதினோரு வருஷமாக மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். அந்தக் காசில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான், எந்தப் பக்கம் விழுந்தாலும் கைவசம் இருக்கட்டும் என்று, ‘வந்தேறிகள்’ என்ற சொல்லையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சீட்டில் விழுந்ததைப் பேசுகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பக்கத்து வீட்டுக் கதை சொல்லியே ஆகவேண்டும். “புள்ளிவிவரம் சொன்னா கொட்டாவி விடுவான். பக்கத்து வீட்டுக் கதை சொன்னா கை தட்டுவான்” என்பது பிராங்கிளினின் வேதவாக்கு. கதை நிஜமாக இருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் சொர்ணலட்சுமி தன் தெருவில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் பண்ணி வைத்து, அதில் பாதியைப் பிரித்தும் வைத்திருக்கிறாள். நாலு பேரை மாரடைப்பில் அனுப்பியிருக்கிறாள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், பத்துப் பொய் சொல்லி ஒரு பட்டிமன்றம் பண்ணக் கூடாதா?

ஆனால் பொய்க்கும் ஒரு முகம் வேண்டும். ஆள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கூட்டம் நம்பும். அன்று சாயங்காலம் சின்னாளப்பட்டி பஸ் நிறுத்தத்தில் வேனுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது எதிரே பார்த்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பானிபூரி வண்டிக்காரன் துலால். வங்காளத்துக்காரன். பஞ்சு மில்லுக்கு வேலைக்கு வந்து, இடது கையில் இரண்டு விரலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, இப்போது வண்டி போட்டிருக்கிறான். சின்னப் பிள்ளைகள் வந்தால் தட்டோடு ஒரு மிட்டாயும் வைப்பான். அவள் மகள் வினிதா வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கேதான் நிற்பாள். “டீச்சரம்மா, நல்லாருக்கீங்களா?” என்று அந்த மூன்று விரல் கையைத் தூக்கினான். அவளும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு வேன் ஏறினாள்.

மேடையில் அவள் பேசியது இதுதான்.

“எங்க தெருமுனையில ஒரு பானிபூரிக்காரரு, நடுவர் அவர்களே. வடக்கேயிருந்து வந்தவரு. இடது கையில ரெண்டு விரல் கெடையாது. பாவம்னு நெனச்சோம். புள்ளைகளுக்கு முட்டாயி குடுப்பாரு. நல்ல மனுசன்னு நெனச்சோம். ஒருநா சாயங்காலம், நாலு வயசுப் பொம்பளப்புள்ள, முட்டாய வாங்குனது. அம்புட்டுத்தான் நடுவர் அவர்களே. அந்தப் புள்ளையையும் காணோம், அந்த வண்டியையும் காணோம். அந்தத் தாயி இன்னைக்கும் வாசல்ல சோத்தப் பெசஞ்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா…”

அந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. உடைத்தாள். கண்ணீரும் வந்தது. பிறகு விழுந்த கைதட்டலில் மைக்கே கீச்சிட்டது. அடி ஆத்தி, அப்படியொரு கைதட்டலை அவள் ஆயுளில் வாங்கியதில்லை.

கடைசியில் நடுவர் பிராங்கிளின் எழுந்து, “சொர்ணலட்சுமி தெருவுல இதுவரைக்கும் செத்தவன், ஓடிப்போனவன், காணாமப் போனவனையெல்லாம் கழிச்சுப் பாத்தா, அந்தத் தெருவுல தண்ணிவரி கட்ட ஆளே மிச்சம் இருக்காதய்யா!” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தீர்ப்பு ‘வளமே’ என்று முடிந்தது. எல்லோரும் கேசரி சாப்பிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம்.

பந்தல் செலவு செய்த கட்சிக்கு ஒரு யூடியூப் சேனல் இருந்தது. அதை நடத்துகிறவன் ஸ்ரீராம், முப்பது வயசு, பேச்சில் தேன் ஒழுகும். இரண்டு மணி நேரப் பட்டிமன்றத்தில் அவன் ஒன்றே முக்கால் நிமிஷத்தை மட்டும் நறுக்கி எடுத்தான். நடுவர் இல்லை, எதிரணி இல்லை, சிரிப்பு இல்லை. சொர்ணலட்சுமியின் முகமும் கண்ணீரும் மட்டும். ‘பிள்ளையைப் பறிகொடுத்த சின்னாளப்பட்டி: அரசுக்குக் கேட்கிறதா இந்த ஆசிரியையின் கதறல்?’ என்று தலைப்பு. இரண்டே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. வேறு மாவட்டத்துக் கட்சிக் கூட்டத்தில்கூட ஒருவர், “திண்டுக்கல் பக்கம் டீச்சர் ஒருத்தர் சொன்னாங்களே” என்று மேற்கோள் காட்டினார்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மஸ்கட்டிலிருந்து தண்டாயுதபாணி கூப்பிட்டு, “கேம்ப்ல எல்லாரும் பாத்துட்டாய்ங்க. என் ரூம்ல இருக்க பெங்காலிப் பய மட்டும் எங்கூடப் பேச மாட்டேங்குறான்” என்றார். அவள் அதற்கும் சிரித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நைனா முகமது போன் செய்தார்.

“தங்கச்சி, அது கட்டுக்கதைன்னு ஒரு வீடியோ போட்டுரு. இன்னைக்கே போட்டுரு.”

“பட்டிமன்றத்துல சொன்னது பட்டிமன்றத்தோட போச்சுண்ணே. இது தெரியாதா சனங்களுக்கு?”

“மேடைக்கு முன்னாடி உக்காந்திருந்தவனுக்குத் தெரியும். போன்ல பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சாட்சி சொல்றதால்ல நெனைக்கிறான். ரெண்டு விரலு, முட்டாயின்னு நீ அங்க அடையாளம் வேற சொல்லிட்ட. நம்ம ஊர்ல அப்படி எத்தன பேரு இருக்கான்? ஒருத்தந்தானம்மா இருக்கான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. சரிண்ணே, பாக்குறேன் என்று வைத்தாள். வைத்த பத்தாவது நிமிஷம் ஸ்ரீராம் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நேரலை விவாதம், நாலு பேரில் அவளும் ஒருத்தி. “இது நல்லாப் போச்சுன்னா சென்னை சேனல்ல இருந்தே கூப்புடுவாய்ங்க டீச்சர்” என்றான். பன்னிரண்டு வருஷம் வேனில் இடுப்பொடிந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? நேரலையிலேயே பக்குவமாகச் சொல்லிவிடலாம், அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அதுதானே முறை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய வீடியோவை அப்படித்தான் இரண்டு நாள் தள்ளிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் துலாலின் வண்டியருகே பிள்ளைகள் யாரும் இல்லை. இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்று அவன் கையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சரம்மா, ஏன் எல்லாரும் என் கை பாக்குறாங்க?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல துலால். ரெண்டு நாளைக்குக் கடை போடாத.”

“ஏன்?”

“சொன்னாக் கேளு.”

“கெழங்கு நெறைய வேக வச்சாச்சு” என்று சிரித்தான். தன்னால்தான் என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நடுங்காமல் பேசுகிற வாய், அந்த ஒரு மனுஷன் முன்னால் மூடிக்கொண்டது. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. முகத்துக்கு நேரே மூன்று விளக்குகள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கட்சிக்காரர் எடுத்த எடுப்பிலேயே, “இந்த மாவட்டத்துல மட்டும் வந்தேறிகள் அறுபத்தேழாயிரத்து நானூறு பேரு. பத்து வருஷத்துல நம்ம புள்ளைக இங்க அகதி” என்றார். சொர்ணலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. அறுபதாயிரம் என்றால் எவனும் நம்ப மாட்டான், அறுபத்தேழாயிரத்து நானூறு என்றால் எண்ணிப் பார்த்தது மாதிரி இருக்கும். அவளும் அதே வித்தையைப் பிழைப்பாக வைத்திருப்பவள்தானே. எதிர்த்துப் பேச வந்திருந்த வக்கீல் “எந்த அறிக்கையில இருக்கு?” என்று கேட்டதற்கு, “தாய்மாருங்க கண்ணீருக்கு அறிக்கை கேக்குறீங்களா?” என்று கட்சிக்காரர் பாய்ந்தார்.

ஸ்ரீராம் அவள் பக்கம் திரும்பினான். குரலை இறக்கிக்கொண்டான்.

“டீச்சர், நாடே கேக்குது. அந்தக் குழந்தை கெடைச்சிருச்சா?”

இதுதான் இடம். ‘அப்படி ஒரு குழந்தையே இல்லை தம்பி.’ ஐந்து வார்த்தை. வீட்டில் கண்ணாடி முன்னால் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் விளக்கில் கண் கூசியது. பக்கத்துத் திரையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இப்போது இல்லை என்று சொன்னால் பொய்க்காரி என்று பேர் நாறிப்போகும், பள்ளிக்கூடத்தில் விளக்கம் கேட்பார்கள், சென்னை போச்சு, எல்லாம் போச்சு.

“அந்தத் தாயப் பத்தி நான் இங்க பேச விரும்பல தம்பி” என்றாள்.

அடிப்பாவி!

“பாத்தீங்களா நேயர்களே, பேசக்கூட முடியாத அளவுக்கு இவங்கள மிரட்டி வச்சிருக்காங்க” என்று ஸ்ரீராம் கேமராவைப் பார்த்துச் சொன்னான்.

ஆறரை மணிக்கு விவாதம் முடிந்து போனைக் கையில் எடுத்தபோது வினிதாவின் அழைப்புகள் பதினாறு இருந்தன. திரும்பக் கூப்பிட்டதும் பிள்ளை கதறினாள். “அம்மா, பானிபூரி அண்ணன அடிக்கிறாய்ங்கம்மா. ஒன் வீடியோவக் காட்டிக் காட்டி அடிக்கிறாய்ங்க. நீ வாம்மா, வந்து சொல்லும்மா!”

ஆட்டோ மதுரை ரோட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவளுக்குப் போதவில்லை. பஸ் நிறுத்தத்தில் வண்டி குப்புறக் கிடந்தது. ரோடெல்லாம் கிழங்கும் புளித்தண்ணியும். நூறு பேர் இருப்பார்கள். தெரிந்த முகங்கள்தான். அவளிடம் படித்தவர்கள் இருந்தார்கள், படிக்கிற பிள்ளைகளின் அப்பன்மார்கள் இருந்தார்கள். நடுவில் கிடந்தவனிடம், “புள்ள எங்கடா? எவன்கிட்டடா வித்த?” என்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். துலால் இரண்டு கையையும் கூப்பினான். அந்தக் கையைப் பார்த்ததும், “பாருங்கடா, ரெண்டு வெரலக் காணோம், இவனேதான்!” என்று மறுபடியும் உதைத்தார்கள்.

“அடிக்காதீங்கப்பா! அது கதைப்பா! நான் சும்மா சொன்ன கதைப்பா!” என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள்.

யாரும் அவளைத் தள்ளவில்லை. அதுதான் கொடுமை. டீச்சருக்கு வழிவிட்டார்கள், தோளைத் தாங்கிப் பிடித்தார்கள். “டீச்சர், நீங்க இதெல்லாம் பாக்காதீங்க. நாங்க பாத்துக்கிறோம்” என்று ஒருவன் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், கடைப் பெஞ்சில் உட்கார வைத்து, சோடா உடைத்துக் கையில் கொடுத்தான். எழுந்தாள். உட்கார வைத்தார்கள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தார்கள். போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தபோது அவள் கையில் அந்தச் சோடா பாட்டில் அப்படியே இருந்தது.

துலால் இரண்டு ராத்திரி கண் திறக்காமல் கிடந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி ஷெஃபாலி மில்லில் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷம் மில்லில் தமிழ்ப் பெண்களோடு நின்று வேலை பார்த்தவள், தமிழ் நன்றாகவே பேசுவாள். வீடியோவை அவள் பார்க்கவில்லை. மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வீட்டில் இருப்பதும் பட்டன் போன்தான்.

“டீச்சரக்கா, நீங்க சொன்னா ஊர்ல கேப்பாங்க. அவரு புள்ளை தூக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தான் ஷெஃபாலி சொன்னது” என்றாள் சொர்ணலட்சுமி.

“என்ன சொன்னீங்க?”

“அவன் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான்னு. மேடையில.”

ஷெஃபாலி பிடித்த கையை விடவில்லை. அவளுக்கு விளங்கவில்லை. “எந்தப் புள்ளை?”

“அப்படி ஒரு புள்ளை இல்ல.”

“இல்லாத புள்ளையவா என் வீட்டுக்காரரு தூக்குனாரு?”

ஷெஃபாலி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நகர்ந்து போய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் துலால் செத்துப்போனான். உடலை ஊருக்குக் கொண்டுபோக நைனா முகமதுதான் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தார். சொர்ணலட்சுமியோடு அவர் பேசினார், ஆனால் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

அதே நாள் காலையில் அவள் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து நின்று, போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு வீடியோ எடுத்தாள். அழவில்லை. குரலை உடைக்கவில்லை. “நான் சொன்னது பொய். எங்கள் தெருவில் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை. துலால் ஒரு குற்றமும் செய்யாதவர். அவர் சாவுக்கு நான்தான் காரணம்” என்று நேரே சொன்னாள். அவள் வாழ்க்கையில் கதையே கலக்காமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள். ‘மிரட்டி வாங்கிய வாக்குமூலம்.’ ‘கண்ணில் பயத்தைப் பாருங்கள்.’ ‘தைரியமா இருங்க டீச்சர், நாங்க இருக்கோம்.’ ஸ்ரீராம் அந்த வீடியோவையும் எடுத்துத் தன் சேனலில் போட்டான். ‘ஆசிரியையின் வாயை அடைத்தது யார்?’ என்று தலைப்பு வைத்தான். அதை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஊர் வாயைத் திறந்துவிட்டதே அவள்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் தன் தெருவில் இறங்கினாள். நாலு லட்சம் பேர் நம்பாவிட்டால் போகட்டும். இந்தத் தெருவில் முப்பது வீடு. பிள்ளை யாருக்குக் காணாமல் போனது, யாருக்குப் போகவில்லை என்று இவர்களுக்குத் தெரியாதா? இவர்கள் வந்து ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செத்தவன் பேரில் ஒட்டிய அழுக்காவது போகும். முதலில் எதிர்வீட்டு ஜெஸ்ஸியிடம் போனாள். பதினெட்டு வருஷப் பழக்கம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத நாளில் கிண்ணத்தை நீட்டினால் ஏன் எதற்கென்று கேட்காதவள்.

ஜெஸ்ஸி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“செத்த நேரம் ஒக்காருங்க டீச்சர். எனக்குப் புரியுது. கேஸு கோர்ட்டுன்னு பயமுறுத்தியிருப்பாய்ங்க.”

“யாரும் பயமுறுத்தல ஜெஸ்ஸி. நீ இந்தத் தெருவுலதான இருக்க? எந்த வீட்டுப் புள்ளையக் காணோம்? நீயே சொல்லு. யாரு புள்ள? பேரென்ன?”

ஜெஸ்ஸி எழுந்து வாசல்படிக்கு வந்தாள். வாசலுக்கு வெளியே தெருவின் கடைசி வரைக்கும் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். இப்போது இல்லை என்று சொல்வாள் என்று சொர்ணலட்சுமி காத்திருந்தாள்.

“அந்தக் கடைசி வீட்டுல கொஞ்ச நாளு வாடகைக்கு இருந்தாகளே டீச்சர், அவுக புள்ளதான? பேரு எனக்கு ஞாபகம் வரல. ரெட்டச் சடை போட்டு, பச்சைக் கவுனு போட்டுக்கிட்டு ஓடியாடித் திரியுமே. ஒருநா வெயிலுக்குள்ள வந்து நின்னு, ஆத்தா தண்ணி குடுங்கன்னு எங்கிட்ட வாங்கிக் குடிச்சுச்சு டீச்சர். இந்தா, இந்தப் படியில ஒக்காந்துதான் குடிச்சுச்சு.”

சொன்னவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொர்ணலட்சுமி பன்னிரண்டு வருஷம் மேடையில் அழுதவள். எது வரவழைத்த அழுகை, எது தானாக வருகிற அழுகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஜெஸ்ஸி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.